எல்நாட் பயிற்சித் தாள்கள்: 90 வெள்ளிக்கு எட்டு, தேறியது மூன்று

லண்டனில் சில பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க எல்நாட் (LNAT) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்று ஜேசி (ஜூனியர் காலேஜ்) இரண்டாம் ஆண்டில் இருக்கும் மகள் சொன்னாள். சரி என்று இணையத்தில் ஒரு தொகுப்பு வாங்கிக் கொடுத்தேன்.

முதல் மூன்று தாள்கள் அருமை. 12 பத்திகள், 42 கேள்விகள், 95 நிமிடம். அசல் தேர்வு மாதிரியே திரையில் கடிகாரம் ஓடும். பத்திக்கு எட்டு நிமிடம்கூடக் கிடைக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்காவதிலிருந்து அவசரக் கோலம். விளக்கம் கேட்டால் "சரியான விடை இ" என்று மட்டும் வரும். இதற்கா காசு? தேர்வின் இரண்டாம் பகுதியான 40 நிமிடக் கட்டுரையைத் திருத்தவும் ஆளில்லை.

வாரம் இரண்டு தாள் போட்டுத் தள்ளியவள், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டாள். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குச் சாப்பாட்டு மேசையில் தேர்வு. நான் மிக்ஸி போடக் கூடாது. மறுநாள் முழுக்கத் தப்பான விடைகளோடு மல்லுக்கட்டு. நோட்டில் சிவப்பு மையில் "ஏன் ஏமாந்தேன்?" என்று ஒரு பத்தி. பாதி இடத்தில் "ஆசிரியர் சொல்லாததை நானே சேர்த்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தாள்.

எல்நாட் தளத்திலேயே இலவச மாதிரித் தாள்கள் இருக்கின்றன. முதலில் அதைப் போடுங்கள். இந்தத் தொகுப்புக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.