முழு வட்டமா, பிறையா? மார்கான்ஷியாவும் லுனுலேரியாவும்

ஊட்டியில் ஒரு நாற்றங்கால். தொட்டி மண்ணை மூடி, ஈரப் பச்சைத் தோல்போல ஒன்று படர்ந்திருந்தது. நடந்தபடியே "மார்கான்ஷியா" என்றேன். கூட வந்த மாணவி குனிந்து பார்த்துவிட்டு, "சார், கிண்ணம் பாதிதான் இருக்கு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அது லுனுலேரியா குரூசியேட்டா.

மடல்போலத் தரையோடு ஒட்டி வளரும் பூவில்லாச் சிறுசெடியான ஈரலுருத் தாவரம் (liverwort) என்றாலே பாடப்புத்தகத்து மார்கான்ஷியாதான் நமக்கு நினைவில் நிற்கிறது. படுத்து வளரும் பச்சை மடல் எதைப் பார்த்தாலும் அந்தப் பெயரே வாயில் வருகிறது. தாவரங்களுக்கு இருசொல் பெயர் வைத்த லின்னேயஸும் 1753-இல் இவ்விரண்டையும் மார்கான்ஷியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார்.

ஜெம்மா கிண்ணம் இருந்தால் வேலை சுலபம். மார்கான்ஷியா பாலிமார்ஃபாவில் அது முழு வட்டம். விளிம்பைச் சுற்றிலும் பல் பல்லாக இருக்கும். உள்ளே பொடிப்பொடிப் பச்சை வில்லைகள்; இவைதான் ஜெம்மா. மழைத்துளி விழுந்ததும் அவை தெறித்துப் போய், விழுந்த இடத்தில் புதுச்செடியாகும். லுனுலேரியாவில் கிண்ணத்துக்கு ஒரு பக்கம்தான் சுவர். மூன்றாம் பிறைபோல வளைந்த அந்தச் சுவரை ஒட்டியே வில்லைகள் கிடக்கும். இலத்தீனில் லூனா என்றால் நிலா; பெயரே அடையாளம் சொல்லிவிடுகிறது. இதைவிட நம்பகமான அடையாளம் இந்த இரண்டுக்கும் நடுவே இல்லை என்பது என் கருத்து.

இனப்பெருக்க உறுப்புகளைத் தாங்கி மடலிலிருந்து எழும் குடை விரிந்திருந்தாலும் குழப்பமில்லை. மார்கான்ஷியா பாலிமார்ஃபாவின் பெண் குடையில் விரல்கள் பெரும்பாலும் ஒன்பது. ஆண் குடை தட்டையான வட்டு. லுனுலேரியாவின் பெண் குடையில் நான்கே கைகள், சிலுவைபோல. 'குரூசியேட்டா' வந்தது அதனால்தான். ஆனால் பல ஊர்களில் இது குடையே விடாமல் ஜெம்மாவாலேயே பரவுகிறது. குடைக்காகக் காத்திருப்பதில் பயனில்லை.

கிண்ணமும் இல்லை, குடையும் இல்லை என்றால்தான் சிக்கல். நிறத்தை நம்பவே வேண்டாம். வெயிலுக்கும் நிழலுக்கும் ஏற்ப மாறும். மடலின் நடுக்கோட்டைப் பாருங்கள். தொட்டிகளில் வரும் மார்கான்ஷியா பாலிமார்ஃபாவில் விட்டு விட்டு ஒரு கருங்கோடு ஓடும். லுனுலேரியாவில் அது கிடையாது. மடல் சற்றே பளபளப்பாக இருக்கும். நுண்ணோக்கி இருந்தால் மடலைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டிக் காற்றுத்துளையைப் பாருங்கள். மார்கான்ஷியாவின் துளை பீப்பாய்போல உள்ளறைக்குள் இறங்கி நிற்கும். லுனுலேரியாவின் துளை மேலோடு நின்றுவிடும்.

ஓடைக்கரைப் பாறையில் கரும்பச்சையாக, லென்ஸ் வைத்தும் துளைப் புள்ளியே தெரியாமல் ஒரு மடல் கிடந்தால், அது இரண்டுமே இல்லை. டுமோர்டியரா ஹிர்சூட்டா என்ற இன்னொரு ஈரலுருவாக இருக்கலாம். குடையில் மயிர் இருந்தால் உறுதி.

முழு வட்டக் கிண்ணத்தைக் கண்டதும் 'பாலிமார்ஃபா' என்று எழுதிவிடுவதும் அவசரம்தான். அதே பேரினத்தின் இன்னொரு இனமான மார்கான்ஷியா பாலியேசியாவுக்கும் அதே கிண்ணம் உண்டு. மடலைப் புரட்டி, அடிச்செதில்களின் நுனியில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டை லென்ஸில் பார்க்க வேண்டும். பாலிமார்ஃபாவில் அதன் ஓரம் நுண்பற்களோடு இருக்கும். பாலியேசியாவில் பெரும்பாலும் வழவழப்பு. அதனால் படம் எடுக்கும்போது ஒரு மடலைக் கிள்ளி, மண்ணைக் கழுவி, அடிப்பக்கத்தையும் எடுத்துவையுங்கள்.