ஊதா அனிமோனும் இருபது லிட்டர் கேனும்: உப்புநீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு

சென்னை கொளத்தூரில் வாங்கிய கப்பி, ஃபைட்டர் போன்ற நன்னீர் மீன்களை எட்டு வருஷம் வீட்டில் வளர்த்தேன். அந்தத் தைரியத்தில்தான் மார்ச் மாதம் ஒரு சின்ன மரைன் (கடல் மீன்) தொட்டி வைத்தேன். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். தண்ணீர் கிட்டத்தட்ட 40 லிட்டர். தொட்டி, விளக்கு, கல், மணல், உப்புநீர், இரண்டு க்ளவுன் மீன், ஒரு அனிமோன் (பூப்போல விரியும் கடல் உயிரினம்), ஒரு பவளம் என்று மொத்தம் 18,500 ரூபாய். ஐந்தாவது வாரம் தொட்டி காலி. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது வேறு கடையிலும் நடக்கும்.

முதல் நாளே கடைக்காரரிடம் கேட்டேன்: "சைக்கிள் ஆக ஒரு மாசம் விடணும்னு சொல்றாங்களே?" மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்று நானும் படித்திருந்தேன். கடைக்காரர் சிரித்தார். "அதெல்லாம் பழைய காலம் சார். இந்த பாட்டிலை ஊத்துங்க, நாளைக்கே மீன் விடலாம்." பாக்டீரியா திரவம் என்று சொன்ன அந்தப் பாட்டில் 650 ரூபாய். "டெஸ்ட் கிட் வேணுமா?" என்றேன். "தண்ணியைப் பார்த்தாலே தெரியும் சார்." எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது, அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

அடுத்தது கேன். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அவர் விற்கும் உப்புநீரைத்தான் ஊற்ற வேண்டும் என்றார். 20 லிட்டர் கேன் 400 ரூபாய். சென்னை வெயில், மேலே ஒரு சின்ன ஃபேன், தினமும் முக்கால் லிட்டர் போல ஆவியாகிவிடும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர்தான் விட வேண்டும். நான் இரண்டு வாரம் உப்பின் மேல் உப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். உப்பின் அளவைப் பார்க்கக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர், சரியான அளவான 1.025 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டே இருந்தது. நண்பர் ஒருவர் உப்பை இன்னும் துல்லியமாக அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரோடு வந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்னங்க, ஊறுகாய் போடறீங்களா?" லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு 44ஐத் தொட்டிருந்தது. (வீட்டு ஆர்ஓவிலும் ஒரு சங்கதி: சுவைக்காக டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை, கூட்டி வைத்திருப்பார்கள். மீட்டர் வைத்துப் பாருங்கள், பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 80 காட்டினால் தொட்டியில் பாசிதான் வளரும்.)

இனி அனிமோன். கடை முகப்பில் பளீர் ஊதாவில், ஊதா கலர் பல்ப் போட்டது போல இருந்தது. என் மகள் அதை விட்டு நகரவில்லை. "க்ளவுன் மீனுக்கு அனிமோன் இல்லேன்னா செத்துடும் சார்" என்றார் கடைக்காரர். இது சுத்தப் பொய். தொட்டியில் க்ளவுன் அனிமோனே இல்லாமல் வருஷக்கணக்கில் வாழும். அனிமோனுக்குத்தான் ஆறேழு மாதமாவது பழகிய தொட்டியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். 2,800 ரூபாய் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம், தண்ணீர் மாற்றும்போது, வெள்ளை பக்கெட்டில் எடுத்த தண்ணீரில் லேசாக ஊதா. முதலில் விளக்கின் நிழல் என்று நினைத்தேன். பக்கெட்டைப் பால்கனிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊதாதான். அடுத்த பத்து நாளில் அனிமோன் நுனியிலிருந்து வெளுத்து, காயாத ஜவ்வரிசி வடாம் போல ஆகிவிட்டது. மகள்தான் சொன்னாள், "அப்பா, இதுக்கு டை அடிச்சிருக்காங்க." அதேதான். ஏற்கெனவே வெளுத்துப்போன அனிமோனைச் சாயத்தில் முக்கி விற்றிருக்கிறார்கள். அதன் உடம்புக்குள் குடியிருந்து வெளிச்சத்தை உணவாக்கித் தரும் பாசி போய்விட்டால் அது வெளுக்கும், பட்டினி கிடக்கும். இயற்கையான நிறம் பெரும்பாலும் மங்கலான பழுப்பு, பச்சை. நுனியில் மட்டும் ஊதா இருப்பதுண்டு. தலை முதல் கால் வரை ஒரே சீராக மஞ்சளோ பிங்க்கோ ஊதாவோ அடித்தாற்போல் இருந்தால் கை வைக்காதீர்கள்.

ஒரு ஞாயிறு இரவு அது செத்தது. 40 லிட்டரில் அவ்வளவு பெரிய சதை அழுகினால் என்ன ஆகும்? திங்கள் காலை தண்ணீர் பால் போல இருந்தது, ஒரு க்ளவுன் பக்கவாட்டில் கிடந்தது. மற்றதை வாளியோடு நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பிழைத்துவிட்டது.

பணம் போனதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. "ராமேஸ்வரம் கல்" என்று எட்டு கிலோ எடை போட்டுக் கொடுத்தது பவளத்தின் எலும்புக்கூடு. "பூந்தொட்டிப் பவளம்" என்று விற்றது கோனியோபோரா, கல்பவளம். 2001இலேயே கல்பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா அறிவித்ததே இந்தப் பவளத்துக்காகவும்தான். வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பில் கேட்டதற்கு, "ஜிபே போட்டீங்கல்ல சார், அதுவே பில்தான்."

கடைக்குப் போனேன். வெளுத்த அனிமோனின் போட்டோவைக் காட்டினேன். "உங்க தண்ணி சரியில்ல சார், இன்னொரு பாட்டில் ஊத்திப் பாருங்க" என்றார். "தண்ணியே உங்க கேன்தானே?" என்றேன். பையனைக் கூப்பிட்டு ஏதோ வேலை சொன்னார், பதில் வரவில்லை. ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

திரும்பும்போது முகப்புத் தொட்டியைப் பார்த்தேன். இந்தத் தடவை மஞ்சள்.