மசாஜ் மேசையைப் பார்த்துச் சேராதீர்கள்: விளையாட்டுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு எப்படி இருக்கிறது?

விளையாட்டுச் சிகிச்சைப் பட்டப்படிப்புக்கான விளம்பரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே படம்தான். மேசைமேல் குப்புறப் படுத்திருக்கும் ஓட்டக்காரர், அவர் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டே சிரிக்கும் மாணவி. அந்த மாணவியாக இருந்து படித்து முடித்துவிட்டேன். அழுத்துவது இந்தப் படிப்பில் ஒரு சின்னப் பங்கு. ஒருவரைத் தொடலாமா, தொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா, இன்றைக்கு ஆடவிடலாமா என்று முடிவெடுக்கப் பழக்குவதுதான் பெரும்பங்கு. அதற்காகச் சேரலாம், தாராளமாகச் சேரலாம். மசாஜ் மட்டும் கற்றுக்கொள்ள ஆசை என்றால் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்பே போதும். வருடங்களும் கட்டணமும் மிச்சம்.

நான் வாலிபால் ஆடியவள். முழங்கால் போனபிறகு ஆட்டத்தை விட்டு, அலுவலக வேலைக்குப் போய், அப்புறம் அதையும் விட்டுவிட்டு இதில் சேர்ந்தேன். வகுப்பில் பலருக்கு நான் அக்கா. அதனால் பதினெட்டு வயதில் நேராக வருபவர்களுக்கு இந்தப் படிப்பு வேறு மாதிரி தெரியலாம்.

முதல் வருடம் உடற்கூறியல். புத்தகத்தில் படிப்பது பாதி, ஒருவர் காலில் இன்னொருவர் பேனாவால் கோடு போடுவது மீதி. அரைக்கால் சட்டையோடு வந்து உட்கார வேண்டும். இன்றைக்கு நீ நோயாளி, நாளைக்கு நான். பிறர் தொட்டால் கூச்சம் என்பவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. எங்கள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் மறுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள். இது எல்லா இடத்திலும் இருக்க வேண்டிய விஷயம். வெளிக் கணுக்கால் எலும்புக்கு முன்னால், சற்றுக் கீழே ஒரு சின்ன லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டும் நார், ஓடுகிறது. பாதம் உள்பக்கம் மடங்கிச் சுளுக்கும்போது பெரும்பாலும் முதலில் அடிபடுவது அதுதான். படத்தில் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவோம். வீங்கிய காலில் கட்டைவிரலால் தேடச் சொன்னால் முகம் வெளிறிவிடும். அந்த விரல் பழக்கம் காணொளி பார்த்து வராது. வகுப்பில் கழியும் நேரத்துக்கு இதுவே போதுமான நியாயம்.

இரண்டாம் வருடத்தில் பரிசோதனைப் பாடம் வந்தது. அங்கேதான் படிப்பு சூடு பிடித்தது. எங்கள் ஆசிரியை முதல் சில வாரங்கள் யாரையும் தொடவே விடவில்லை. எப்படி விழுந்தார், சத்தம் கேட்டதா, வீக்கம் உடனே வந்ததா மறுநாள் வந்ததா, விழுந்தபிறகு தொடர்ந்து ஆடினாரா, இரவில் வலி எழுப்புகிறதா... கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம், ஓரிரு மணி நேரத்துக்குள் நன்றாக வீங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னாலே ஏசிஎல் (முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்பக்க லிகமென்ட்) கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிடும். பிறகு காலைச் சற்றே மடக்கிக் கணைக்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனை, வந்த சந்தேகத்தைச் சரிபார்க்கத்தான்.

எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த ஒரே பக்கம் எது என்று கேட்டால் ஒட்டாவா கணுக்கால் விதிகள் என்பேன். கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-இல் வெளியிட்டது. சுளுக்கிய காலோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு எலும்பு முறிந்திருக்காது, ஆனாலும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் சில கேள்விகளாகச் சுருக்கிவிட்டார்கள். இரண்டு பக்கக் கணுக்கால் எலும்புகளிலும் கடைசி 6 செ.மீ. பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் எலும்பு வலிக்கிறதா? நடுப்பாதத்தில் வலி என்றால், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியிலோ உள்பக்கத்துப் படகு எலும்பிலோ வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் சரி, இப்போதும் சரி, 4 அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? எதற்கும் 'ஆமாம்' வரவில்லை என்றால் எக்ஸ்ரே பெரும்பாலும் தேவைப்படாது. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மைதான ஓரத்திலேயே செய்துவிடலாம். ஒரு படிப்பு முழுக்க இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விளம்பரத்தில் அழுத்துகிறார்களே கெண்டைக்கால், அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வலி, வீக்கம், சூடு. அண்மையில் அறுவை சிகிச்சையோ நீண்ட பயணமோ நடந்திருக்கிறது என்றால் அது ஆழ்சிரையில் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அங்கே மசாஜ் செய்வது ஆபத்து; உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முதுகுவலியோடு இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போய், சிறுநீர் கழிப்பதிலும் மாற்றம் தெரிந்தால் அதுவும் அப்படித்தான். இந்த அபாயக் குறிகளுக்குத் தேர்வில் ஒரு கேள்வி தவறினாலும் தேர்ச்சி கிடையாது என்று எங்கள் துறையில் வைத்திருந்தார்கள். கடுமைதான், ஆனால் என் முழு ஆதரவும் அதற்கு உண்டு.

மூளை அதிர்ச்சிக்கான செய்முறை வகுப்பும் இதே வகை. தலையில் அடிபட்டு மயங்கி விழ வேண்டும் என்றில்லை. சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப ஆடக்கூடாது. இது ஒற்றை வரி விதி. ஆனால் வகுப்பில் ஆசிரியரே கோச் வேடம் போட்டுக்கொண்டு வந்து, "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, அவன் நல்லாத்தான் இருக்கான்" என்று முகத்துக்கு நேரே கத்துவார். நிமிர்ந்து நின்று மறுக்க வேண்டும். எங்களில் பாதிப்பேர் முதல் தடவை மென்று விழுங்கினார்கள்.

சுளுக்குக்கு என்ன செய்வது என்ற பாடத்தில் எரிச்சலும் சுவாரஸ்யமும் கலந்தே இருந்தன. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதிவிட்டார். அதற்கு முன்பே 2012-இல், முழு ஓய்வுக்குப் பதில் அளவான சுமை கொடுங்கள் என்று ஒரு புதுச் சூத்திரம். 2019-இல் இன்னொன்று, அதில் ஐஸுக்கு இடமே இல்லை. சீனியர்களின் குறிப்பேட்டை வாங்கிப் படிக்கலாம் என்ற கனவு போச்சு. ஆனால் எது மாறியது, ஏன் மாறியது என்று மூலக் கட்டுரைகளையே படிக்க வைத்தார்கள். பத்து வருடம் கழித்தும் என்னிடம் மிஞ்சப்போவது அந்தப் பழக்கம்தான் என்று தோன்றுகிறது.

மீட்புப் பயிற்சிப் பாடத்தில் பொறுமைதான் பாடத்திட்டம். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநாண் நாள்பட்டு வலித்தால், படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி இருக்கிறது. ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் குழு 1998-இல் வெளியிட்டது: முழங்காலை நீட்டி ஒரு விதம், மடக்கி ஒரு விதம், ஒவ்வொன்றும் 15 முறை, 3 சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். சொல்ல எளிது. 12 வாரமும் ஒருவரைச் செய்ய வைப்பதுதான் சிகிச்சை. ஏசிஎல் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ இன்னும் நீளம். 2016-இல் வந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆறாவது மாதத்தில் வலியே இல்லாமல் குதித்துக்கொண்டிருக்கும் இளைஞனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

காயத் தடுப்புப் பாடத்துக்காகவே இந்தப் படிப்புக்கு நான் இன்னொரு தடவை பணம் கட்டுவேன். காயம் எவ்வளவு நடக்கிறது, எதனால் நடக்கிறது, ஒரு தடுப்பைக் கொண்டுவா, பிறகு திரும்ப எண்ணிப் பார் என்று நெதர்லாந்து ஆய்வாளர் வான் மெக்கலன் 1992-இல் வகுத்த நாலு படிகளை வைத்து ஒரு நிஜ அணியோடு வேலை செய்யச் சொல்வார்கள். நான் இளையோர் கால்பந்து அணி ஒன்றோடு ஃபிஃபா 11+ வார்ம்-அப்பை எடுத்துக்கொண்டேன். ஓட்டம், வலு, சமநிலை, குதித்து இறங்குவது எல்லாம் சேர்த்து 15 பயிற்சிகள், பழகிவிட்டால் 20 நிமிடம். நார்வே இளம்பெண்கள் அணிகளில் 2008-இல் வெளியான பெரிய சோதனையில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பலன் கூடுதல். தொடைப் பின்தசைக்கு நார்டிக் பயிற்சியும் அப்படித்தான். முழங்காலிட்டு, கணுக்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பின்தசைக் காயங்கள் பாதியாகின்றன. ஆனாலும் சாம்பியன்ஸ் லீக் கிளப்புகளில் பெரும்பாலானவை அதை முறையாகச் செய்வதில்லை என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் அணியில் காரணம் கண்ணுக்கு நேரே தெரிந்தது: முதல் வாரம் தொடை வலித்தது, இரண்டாம் வாரம் கோச் "நேரமில்லை" என்றார். நடக்காத காயத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? கோச்சிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு தனிப் பாடமே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். மின்சிகிச்சைக் கருவிகளுக்கு ஒரு முழுப் பாடம் ஒதுக்கியிருந்தார்கள். அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு ஆதாரம் பலவீனம் என்று ஆசிரியரே சொல்கிறார், ஆனால் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தேர்வில் கேட்கிறார்கள். வண்ண வண்ண கினீசியோ டேப்புக்கும் கிட்டத்தட்ட அதே கதை; ஒட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள அழகாக இருக்கும். கணுக்காலுக்குக் கெட்டியான டேப் போடுவது மட்டும் உருப்படியான வேலை. மறு சுளுக்கைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது.

பெண் வீரர்களுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு விரிவுரை. குதித்துத் திரும்பும் விளையாட்டுகளில் ஏசிஎல் கிழிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பயிற்சிக்குத் தேவையான அளவு சாப்பிடாததால் மாதவிடாய் நின்று, எலும்பில் விரிசல் விழும் நிலையைப் பற்றிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே விரிவாக அறிக்கை வெளியிட்டது. என்னைப்போல் விளையாட்டில் வளர்ந்த பெண்களுக்கு மாதவிடாய் நின்றால் 'கடும் பயிற்சியின் அடையாளம்' என்று சொல்லித்தந்தார்கள். அதைத் திருத்தவேண்டிய இடம் இந்த வகுப்பறை. ஒரு மணி நேரத்தில் அவசர அவசரமாக ஓட்டிவிட்டார்கள்.

களப்பயிற்சிதான் பெரிய ஏமாற்றம். இடம் தேடுவது மாணவர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். நான் போன முதல் கிளப்பில் தண்ணீர் புட்டி நிரப்பினேன், ஐஸ் பை கட்டினேன், கேட்டவர்களுக்கெல்லாம் மசாஜ் செய்தேன். கண்காணிக்க வேண்டியவர் ஆட்டம் முடிந்தபிறகு வந்து கையெழுத்துப் போட்டார். இரண்டாவது இடத்தில் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும், "ஏன் அந்தச் சோதனை? அது பாசிட்டிவாக வந்திருந்தால் என்ன செய்திருப்பே?" என்று கேள்வி மேல் கேள்வி. பல மாத வகுப்பில் வராத தெளிவு அங்கே வந்தது. எந்தக் கிளப் அமையும் என்பது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. பிசியோதெரபிஸ்ட் என்ற பட்டத்துக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. விளையாட்டுச் சிகிச்சையாளருக்கு எல்லா இடத்திலும் அது கிடையாது. பக்கவாதம் வந்தவருக்கோ நுரையீரல் நோயாளிக்கோ சிகிச்சை செய்ய இந்தப் படிப்பு தயார்ப்படுத்தாது. மருத்துவமனை வேலை வேண்டுமென்றால் பிசியோதெரபியே சரி. மைதானம்தான் வேண்டும், மாலையும் வார இறுதியும் போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இது.

கட்டணம் கட்டுவதற்கு முன் துறைக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தொழில்முறை அமைப்பு இந்தப் பட்டத்தை ஏற்கிறது? களப்பயிற்சி இடத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? அங்கே கண்காணிப்பவர் மாணவரோடு கூடவே நிற்பாரா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் நீங்களே பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், இன்னும் இரண்டு பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.