"எத்தனை மணிக்கு வண்டி?" என்று கடைக்காரர் கேட்டால்

குடும்பத்தோடு காலையில் கிளம்பி, பெருநகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு இரவே வீடு திரும்பத் திட்டம் போட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். லேப்டாப், போன் மாதிரி எதையாவது வாங்கும் எண்ணம் இருந்தால் கட்டாயம் படியுங்கள். புது லேப்டாப்புக்கு உண்டான முழு விலையையும் கொடுத்து, யாரோ மாதக்கணக்கில் ஓட்டித் தீர்த்த ஒன்றை வாங்கி வந்திருக்கிறோம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒரு கடைக்குத்தான் போகாமல் இருப்பீர்கள். எனக்கு உங்களிடம் சொல்ல வேண்டியது அவர்கள் விற்கும் முறை.

மூத்தவள் கல்லூரியில் சேர்கிறாள், அவளுக்கு லேப்டாப். சின்னவனுக்குத் துணி. மாமியாருக்குப் பெரிய எழுத்தில் தெரிகிற போன். இவ்வளவுதான் பட்டியல்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முதல் ஆள் வந்தார். நாங்கள் சொன்ன கடையின் பெயரைக் கேட்டுவிட்டு, "அது இன்னைக்கு லீவு சார், அதைவிட நல்ல கடைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் டிரைவர். என் கணவர் அங்கேயே நின்று கடைக்குப் போன் போட்டார். கடை திறந்துதான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கும் எல்லாப் பெரிய நகரங்களிலும் நடக்கிற வேலை இது. டிரைவருக்குக் கடைக்காரர் தரும் கமிஷன் நம் பில்லில்தான் ஏறும். இதில் நாங்கள் தப்பித்தோம் என்பதால் இதோடு விடுகிறேன்.

துணிக்கடையில் "50% தள்ளுபடி, அதற்கு மேல் 40%" என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். இரண்டையும் கூட்டி 90 என்று நினைத்துக்கொள்ளத்தான் அப்படி எழுதுகிறார்கள். முதலில் பாதி போய், மீதிப் பாதியில்தான் 40 சதவீதம் கழியும். மொத்தம் 70 சதவீதம். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடிதான், அதுவும் மூன்று வேண்டும் என்றால். சரி, இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வியாபாரம். லேப்டாப் கடையில் நடந்தது வேறு.

உள்ளே போனதும் நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "எங்கேருந்து வர்றீங்கக்கா? ராத்திரியே திரும்புறீங்களா? எத்தனை மணிக்கு வண்டி?" என்று விற்பனைப் பையன் கேட்டான். பாசமான விசாரிப்பாகத்தான் இருந்தது. மாமியார்கூட, "நல்ல புள்ள" என்றார். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம் நடந்தது என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. இரவு வண்டிக்குக் கிளம்பிவிடும் குடும்பம் மறுநாள் காலையில் பில்லோடு வந்து நிற்காது. பழைய சரக்கைத் தள்ளிவிட அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

விளம்பரத்தில் பார்த்த மாடலைக் கேட்டோம். "அது காலையிலேயே முடிஞ்சிருச்சு, அதே கம்பெனியில இதைவிட நல்லது இருக்கு" என்று வேறொன்றைக் காட்டினான். இந்தத் தந்திரமும் உலகம் முழுக்க உண்டு. மலிவான மாடலைச் சொல்லி உள்ளே வரவைப்பார்கள், அது எப்போதும் "இப்பத்தான் தீர்ந்திருக்கும்". மகளுக்குத் தேவையான அளவு மெமரி இருந்ததால் நாங்கள் சரி என்றோம். உடனே, "குடோன்லேருந்து வருது, பத்தே நிமிஷம்" என்றார்கள். அந்தப் பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆனது. சின்னவன் சிணுங்க ஆரம்பித்தான். மாமியாருக்கு முழங்கால் வலி. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பையனும் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பெட்டி வந்தபோது ஒட்டு ஏற்கெனவே அறுத்திருந்தது. எங்கள் கண்ணெதிரில் பிரிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தோமே என்று கேட்டதற்கு, "சாப்ட்வேர் எல்லாம் போட்டு, டெஸ்ட் பண்ணித்தான் சார் தருவோம், இது எங்க சர்வீஸ்" என்று பதில் வந்தது. அந்த இலவச சாப்ட்வேர் உரிமம் இல்லாத திருட்டுப் பிரதி என்பது பிறகு தெரிந்தது. பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பிரிக்க அது ஒரு நல்ல சாக்கு, அவ்வளவுதான்.

பணம் கட்டும் இடத்தில், "கார்டுன்னா 2 சதவீதம் கூடும், நேரா பேங்க் அக்கவுன்ட்டுக்கே அனுப்பிடுங்க" என்றார்கள். என் கணவரின் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருந்தது. அதனால் ஒரு பகுதியை அப்படி அனுப்பிவிட்டு, மீதியை கிரெடிட் கார்டில் தேய்த்தோம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பில் கேட்டால், "சர்வர் டவுன், இப்போதைக்கு எஸ்டிமேட் வச்சுக்கோங்க, ஒரிஜினல் வாட்ஸ்அப்ல வந்துரும்." எஸ்டிமேட்டில் "லேப்டாப் 1" என்று மட்டும் இருந்தது. மாடலும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. "பொருளைக் கையில் வாங்கிக்கொண்டதற்கான சீட்டு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கூடவே மூன்று வருடக் கூடுதல் உத்தரவாதம் என்று ஒரு வழுவழு அட்டை. அதில் லேப்டாப் கம்பெனியின் பெயரே கிடையாது, கடையின் முத்திரை மட்டும்தான். கடை இருக்கும்வரை, கடைக்காரருக்கு மனம் இருக்கும்வரை செல்லும் உத்தரவாதம் அது.

வீட்டுக்கு வந்த பிறகு மகள்தான் கண்டுபிடித்தாள். முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்க ஒரு வசதி இருக்கிறது. பேட்டரி தயாரானபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டையும் அதில் பார்க்கலாம். எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கிறது என்ற கணக்கும் பெரும்பாலான லேப்டாப்களில் வரும். புதுப் பொருள் என்றால் அந்தக் கணக்கு ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். எங்களுடையது 200-ஐத் தாண்டியிருந்தது. லேப்டாப்பில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்கும் தான் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும். தொழிற்சாலைச் சோதனையில் சில மணி நேரம் ஓடியிருந்தால் நியாயம். எங்களுடையதில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல்.

கம்பெனியின் இணையதளத்தில் வரிசை எண்ணைப் போட்டால் உத்தரவாதம் என்றைக்குத் தொடங்கியது என்று தெரியும். எங்களுடையது பல மாதம் முன்பே தொடங்கிவிட்டிருந்தது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தேதி முந்தியிருப்பதை மட்டும் வைத்துக் கடைக்காரரைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. சில கம்பெனிகள் பொருள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய தேதியிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிடும், பில்லைக் காட்டினால் திருத்தித் தருவார்கள். தேதி, பேட்டரி, டிஸ்க் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால்தான் சந்தேகத்துக்கு இடமில்லை.

கடைக்குப் போன் போட்டோம். முதலில் மரியாதையாகத்தான் பேசினார்கள். பேட்டரி அறிக்கை என்றதும், "அதெல்லாம் சும்மா மேடம், தப்பாத்தான் காட்டும்" என்றார்கள். பிறகு முதலாளி வெளியூர். பிறகு, "நேர்ல கொண்டுவாங்க, பார்ப்போம்." என் கணவர் லீவு போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார். "பெட்டியைப் பிரிச்சிட்டீங்களே சார், திரும்ப எடுக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். பிரித்தது யார்? கடைசியில், பணம் கிடையாது, இதே கடையில் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ள கிரெடிட் நோட்டு தருகிறோம் என்றார்கள். அதற்கும் மூன்று மாதக் கெடு. அதாவது இன்னொரு தடவை வண்டி ஏறி, அதே கடையில், அவர்கள் காட்டுவதை வாங்க வேண்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளுக்கோ, பொய் சொல்லி விற்றதற்கோ சட்டம் தரும் உரிமையை ஒரு கடையின் பலகை பறித்துவிட முடியாது. பெரும்பாலான நாடுகளில் இதுதான் நிலைமை. பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு. அதைக் கடைக்காரர் மறுக்கலாம்.

கார்டில் கட்டிய பகுதிக்கு வங்கியில் புகார் கொடுத்தோம். சொன்ன பொருளுக்குப் பதில் வேறு பொருள் தந்தால், கார்டு கொடுத்த வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இப்படிப்பட்ட புகாருக்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. வங்கிகள் தங்கள் கெடுவை இன்னும் குறைவாக வைத்திருக்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். கடைக்காரரோடு மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதும் இந்த நாள்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பொருளைக் காட்டி, உத்தரவாதம் எப்போது தொடங்கியது என்று எழுதி வாங்கினோம். வாட்ஸ்அப்பில் ஒருவழியாக வந்த ஒரிஜினல் பில் இன்னும் வசதியாகப் போயிற்று. அதில் இருந்த வரிசை எண்ணும் லேப்டாப்பின் அடியில் இருந்த எண்ணும் வேறு வேறு!

ஆகையால் பணம் கட்டும் முன்பே பெட்டியில் உள்ள எண், லேப்டாப்பின் அடியில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். போன் என்றால் இன்னும் சுலபம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், திரையில் வரும். இரண்டு சிம் போடுகிற போனில் பொதுவாக இரண்டு எண் வரும். அவை பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மாமியாரின் போனை இப்படிச் சரிபார்த்துத்தான் வாங்கினோம். அதே கடைதான், அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, விலை அதிகமான பொருளைக் காலையில் முதல் வேலையாக வாங்குங்கள். துணிமணி பிறகு பார்க்கலாம். வயதானவர்களையும் குழந்தைகளையும் வேறெங்காவது வசதியாக உட்கார வைத்துவிட்டு இரண்டு பேர் மட்டும் கடைக்குப் போங்கள். அப்புறம், எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டால், "பக்கத்துத் தெருவில் சித்தி வீடு, ஒரு வாரம் இங்கேதான்" என்று கூசாமல் சொல்லுங்கள். இந்தப் பொய்யில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

கார்டில் போன பணம் திரும்பி வந்துவிட்டது. வங்கிக் கணக்கு வழியாக அனுப்பிய பகுதிக்கு அப்படிப்பட்ட வழி இல்லை, நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். அதற்குக் கடைக்காரர் பதில் அனுப்பியிருக்கிறார்: வாடிக்கையாளர் பொருளை முழுதாகச் சோதித்துப் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே வாங்கிச் சென்றார், அவருடைய கையெழுத்தே எங்களிடம் இருக்கிறது என்று. பொருளைக் கையில் வாங்கியதற்கான சீட்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களே, அந்தத் தாளைத்தான் இணைத்திருக்கிறார். அந்த வாசகம் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது.