வேகமா, நாடித்துடிப்பா? கடற்கரை ஓட்டத்தில் ஆக்சிஜன் கணக்கு

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்காக ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், உச்சிப்புளி பக்கம் விடியற்காலையில் ஓடும் தம்பிகளுக்கு, உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்று தெரிவது ரொம்ப முக்கியம். முகமூடி மாட்டி மூச்சை அளக்கும் ஆய்வகம் பக்கத்தில் இல்லாவிட்டால், வேகத்தையோ நாடித்துடிப்பையோ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வேகக் கணக்கு சுலபம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரப்படி, சமதளத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பதை 0.2-ஆல் பெருக்கி 3.5-ஐக் கூட்டினால் போதும். நடைக்கு 0.1. விடை, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று வரும். அந்த 3.5, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு எடுப்பது. 7 நிமிட ஓட்டம் என்றால் நிமிடத்துக்கு 214 மீட்டர். தேவை சுமார் 46 மில்லி. அறுபது கிலோ பையனுக்கு நிமிடத்துக்கு 2.8 லிட்டர் ஆகிறது. ஆனால் இது தேவைதான். ஓட்டத்தின் தொடக்கத்தில் மூச்சு அந்த அளவை எட்டியிருக்காது. பற்றாக்குறையை ஆக்சிஜன் இல்லாமலே தசை சமாளிக்கும். ஒரே சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓடினால்தான் கணக்கு நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்கினால் இந்தச் சூத்திரம் கைவிட்டுவிடும். காய்ந்த மணலில் நடக்க, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகும், ஓட 1.6 மடங்கு. தனுஷ்கோடி சாலையில் ஆடிக்காற்றை எதிர்த்து ஓடுபவரின் பாடும் இதில் பதிவாகாது.

நாடித்துடிப்புக்கு மணலும் காற்றும் தெரியும். உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, அதில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்த்தால், ஆக்சிஜனும் தன் ஓய்வு அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே ஏறக்குறைய அதே சதவீதம் ஏறியிருக்கும். உச்சத் துடிப்புக்கு 220-இல் வயதைக் கழிப்பதைவிட, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இல் கழிப்பது மேல். இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு மாறலாம். இதன் பெரிய எதிரி நம்மூர்ப் புழுக்கம். தோலைக் குளிர்விக்கவும் ரத்தம் போக வேண்டும், வியர்வையில் நீரும் இறங்குகிறது. ஆகவே ஆக்சிஜன் கூடாமலே துடிப்பு மட்டும் ஏறும். பத்து மணி வெயிலில் எடுத்த கணக்கை நான் நம்ப மாட்டேன்.

என் தீர்ப்பு: ஒன்றை வைத்து மற்றதைச் சரிபாருங்கள். விடியற்காலையில், காற்று அடங்கிய நேரத்தில், தார்ச்சாலையில் நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று ஐந்து நிமிடம் சீராக ஓடி, துடிப்பைக் குறியுங்கள். 148 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி அது 33.5 மில்லி. இன்னும் இரண்டு வேகங்களில் இதையே செய்தால் உங்களுக்கே உரிய அட்டவணை ரெடி. அப்புறம் அதே குளிர்ந்த நேரத்தில் மணலில் எவ்வளவு மெதுவாக ஓடினாலும், துடிப்பு 148 என்றால் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட 33.5.

கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் அக்காமார்களுக்கு இந்த அட்டவணை உதவாது. முகம் தண்ணீரில் பட்டு மூச்சை அடக்கியதுமே துடிப்பு தானாகக் குறையும். வேகம் என்று அளக்கவும் ஒன்றுமில்லை. அங்கே, படும் சிரமத்துக்கு 6 முதல் 20 வரை அவரவரே எண் சொல்லும் போர்க் (Borg) அளவுகோலை வைத்து, “எவ்வளவு கஷ்டமா இருக்குக்கா?” என்று கேட்பதே மேல். அதில் 17 என்றால் ‘மிகக் கடினம்’. அதுவும் மில்லிக் கணக்குத் தராது. ஆனால் எப்போது கரையேறி ஓய்வெடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.