மன்னார்குடியில் ஆர்.டி.ஐ. மனு அடிக்கிற கடை: போகலாமா?

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு ஜெராக்ஸ் கடை. "மனு எழுதித் தரப்படும்" என்று ஒரு அட்டை தொங்கும், அவ்வளவுதான் அடையாளம். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் எல்லாம் அடிப்பார்கள், அதற்கு எந்தக் கடையும் போதும். ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு என்றால் இங்கே போங்கள்.

நான் போன விஷயம் இது. சம்பா பயிர் மூழ்கியதற்கு நிவாரணம் வந்தபோது எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் பயனாளிகள் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பெயரும் சர்வே நம்பரும் இருந்தால் சரி, கூடவே செல் நம்பர், பேங்க் கணக்கு எண், ஆதார் எண் 12 இலக்கமும் முழுசாக. யாரோ அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, ஓ.டி.பி. கேட்டு ஊர் முழுக்க போன் வர ஆரம்பித்தது. கேட்கப் போனால் "உன் பேரு இருக்கா, பாத்துட்டுக் கிளம்பு" என்றார்கள்.

கடைக்கார அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "புகாரா எழுதாதீங்க தம்பி, கேள்வியா கேளுங்க. புகாரைக் கிடப்புல போடலாம், கேள்விக்கு 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்" என்றார். எந்த அரசாணைப்படி ஆதார் எண்ணை ஒட்டினீர்கள், ஒப்புதல் கொடுத்த அலுவலரின் பெயர், பதவி என்ன, வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தபடி மாட்டியிருக்கிற கேமராவின் பதிவு எத்தனை நாள் இருக்கும், அதை யார் யார் பார்க்கலாம், அந்த மாத வருகைப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று வரிசையாக அடித்துத் தள்ளினார். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்கிற ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவையும் அவரே சேர்த்தார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒப்புகையோடு தபால், வேலை முடிந்தது.

எனக்குப் பிடித்த இன்னொன்று, கூட வந்த நண்பன் அந்த அலுவலரின் வீட்டு விலாசம், சொந்த நம்பர் எல்லாம் தேடி ஃபேஸ்புக்கில் போடலாம் என்றபோது அண்ணன் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவராக இருந்த ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட, ஆட்கள் அவருடைய போன் நம்பர் வரை தோண்டி எடுத்துப் போட்டார்களே, அவர் சவால் விட்டவர், அது வேறு. இங்கே நாம் பார்க்க வேண்டியது நாற்காலியை, வீட்டை இல்லை.

மனு போய்ச் சேர்ந்த சில நாளில் சுவரில் பட்டியலைக் காணோம். பதில் மட்டும் கெடு முடிகிற நேரத்தில்தான் வந்தது. கேமரா பற்றி மழுப்பல், வருகைப் பதிவேடு "தனிநபர் தகவல்", அதனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவின்படி தர முடியாதாம்! என் ஆதார் எண் சுவரில் தொங்கலாம், அந்த அலுவலர் எத்தனை மணிக்கு ஆபீஸ் வந்தார் என்பது மட்டும் அந்தரங்கம். தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தி, அதற்குள் இருந்த, பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிற வாசகத்தை எடுத்துவிட்டது, 2025 நவம்பரில் அமலுக்கும் வந்துவிட்டது. இதெல்லாம் தெரிந்த டைப்பிங் கடை டெல்டாவில் எத்தனை இருக்கும்? அண்ணனோ, 8(2) பிரிவில் அந்தப் பொதுநலன் விலக்கு இன்னும் இருக்கிறது என்று அதைப் பிடித்து முதல் மேல்முறையீடு அடித்துக் கொடுத்தார். அதற்குக் கட்டணம் கிடையாது, பதில் வந்து 30 நாளுக்குள் போட வேண்டும். என்னுடையது போயிருக்கிறது, முடிவு வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. யூனிகோட் இல்லாத பழைய வானவில் ஃபாண்டில் அடிப்பதால் வேர்ட் ஃபைலை நம் போனில் திறந்தால் எழுத்தெல்லாம் கந்தலாகத் தெரியும், பி.டி.எஃப். ஆகக் கேட்டு வாங்குங்கள். முகூர்த்த நாளில் பத்திரிகை வேலை குவிந்துவிடும், நம்மை உட்கார வைத்துவிடுவார். பெரிய குறை, எல்லாருடைய மனுவும் பெயர், ஊரோடு அந்தக் கம்ப்யூட்டர் திரையிலேயே கிடக்கிறது, பக்கத்தில் நிற்கிறவர் படிக்கலாம். வேலை முடிந்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள், சொன்னால் முகம் சுளிக்காமல் அழிக்கிறார். பக்கத்துக்கு 40 ரூபாய்.