நெடுந்தீவுப் பயணத்தில் கோப்ரோ ஹீரோ 12: ஒரு குறும் ஆவணப்பட அனுபவம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை துவிச்சக்கரவண்டியில் சென்று, அங்கிருந்து படகில் நெடுந்தீவுக்குப் போகும் பயணத்தை, நானும் மச்சானும் சென்ற ஆனி மாதத்தில் ஒன்பது நிமிட ஆவணப்படமாக எடுத்தோம். எங்களிடம் இருந்த ஒரே கமெரா, 2023 செப்ரெம்பரில் வெளிவந்த கோப்ரோ ஹீரோ 12 பிளாக் என்ற கையடக்கக் கமெரா. பயணப் படம் எடுக்க விரும்பும் நம் ஊர் இளைஞர்கள் பலர் முதலில் வாங்க நினைப்பது இவ்வகைக் கமெராவையே என்பதால், அது எந்த இடத்தில் கைகொடுத்தது, எந்த இடத்தில் வேறு கருவி தேவைப்பட்டது என்பதை எழுதுகிறேன்.

154 கிராம் எடையுள்ள இதனைக் கைப்பிடியில் பூட்டிவிட்டு மறந்துவிடலாம். தனி உறை இல்லாமலே 10 மீற்றர் ஆழம் வரை நீர் புகாது என்பதால், சோளகக் காற்றில் படகின் அணியத்துக்கு மேலாக அலை அடித்தபோதும் பதற்றமின்றிப் படம் பிடித்தோம். அந்த அலை கண்ணாடியில் மோதி வழியும் காட்சியே எங்கள் படத்தின் தொடக்கமாயிற்று. பெரிய கமெராவை அந்த இடத்தில் வைக்க எனக்குத் துணிவு வந்திராது.

வெளிச்சத்தைக் கையாளுவதில்தான் அதிகம் கற்றுக்கொண்டோம். விநாடிக்கு 25 சட்டகங்கள் எடுக்கும்போது ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் வெளிச்சம் உள்ளே விடப்படும் நேரம், 1/50 விநாடி அளவில் இருந்தால் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். இந்தக் கமெராவில் வெளிச்சம் நுழையும் வில்லைத் துவாரம் எஃப் 2.5 என்ற அளவில் நிலையானது; அதனைச் சுருக்கி வெளிச்சத்தைக் குறைக்க முடியாது. ஆகவே முருகைக்கல் மதில்களில் நண்பகல் வெயில் தெறிக்கும் நெடுந்தீவில், கறுப்புக் கண்ணாடி போன்ற என்.டி. பில்டரைப் பூட்டாமல் அந்த வேகத்துக்கு இறங்க முடியாது. ஆனால் பில்டருடன் குண்டும் குழியுமான வீதியில் ஓடினால், ஹைப்பர்ஸ்மூத் எனும் கமெராவின் உறுதிப்படுத்தல் வசதி சட்டகத்தின் ஆட்டத்தை நீக்குமே தவிர, ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் பதிந்துவிட்ட மங்கலை நீக்காது. எனவே வண்டியில் ஓடும்போது பில்டரைக் கழற்றுவதும், முக்காலியில் நிறுத்தியோ மெதுவாக நடந்தோ எடுக்கும்போது பூட்டுவதும் என்று முடிவு செய்தோம். இதனை முதல் நாளே அறிந்திருந்தால், தீவின் பெருக்கமரத்தடியில் (பாவோபாப் மரத்தடியில்) எடுத்த காட்சிகளை இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருந்திருக்காது.

தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் மனிதரை நெருங்க விடுவதில்லை; நெருங்கித் துரத்துவதும் முறையன்று. அகன்ற கோண வில்லையில் அவை புள்ளிகளாகவே தெரிந்தன. 5.3கே அளவில் எடுத்த காட்சியின் அகலம் 5312 புள்ளிகள் என்பதால், 1920 புள்ளி அகலமுள்ள முழு எச்டி படத்துக்காக ஏறக்குறைய 2.7 மடங்கு வெட்டிப் பெரிதாக்கலாம். அதுவும் போதவில்லை. குதிரை, பறவை போன்றவை உங்கள் கதையின் நடுவில் இருந்தால், நீண்ட குவியத் தூர வில்லையுள்ள கமெரா ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

இந்த மாதிரியில் ஜிபிஎஸ் இல்லை. பயணப் பாதையைத் தொலைபேசியில் பதிந்து வரைபடம் ஆக்கினோம். அதிகபட்சத் தரமான விநாடிக்கு 120 மெகாபிட்டில் 128 ஜிபி நினைவக அட்டை ஏறக்குறைய 140 நிமிடங்களுக்குப் போதும். கடல்நீர் பட்டபின் கமெராவின் பக்கக் கதவைத் திறக்கும் முன் நன்னீரில் கழுவ வேண்டும். தீவில் நல்ல தண்ணீரின் அருமை கருதி ஒரு போத்தலில் வீட்டுக் கிணற்று நீரையே எடுத்துச் சென்றோம்.

ஒலியைத் தனியாகப் பதிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. திறந்த கடலில் காற்று எந்தச் சிறிய மைக்கையும் மூடிவிடும். கம்பியில்லா மைக்கை புளூரூத் வழியாக இணைக்கும் வசதி இதில் இருந்தும், நாங்கள் அதனை வாங்கியிருக்கவில்லை. படகோட்டியின் சட்டைப் பையில் தொலைபேசியை ஒலிப்பதிவில் வைத்து, அதன்மேல் துணியைச் சுற்றி, காட்சியின் தொடக்கத்தில் கை தட்டி, பின்னர் தொகுக்கும்போது அந்தத் தட்டலை வைத்து ஒலியையும் படத்தையும் பொருத்தினோம். "தம்பி, காத்து மாறப்போகுது, கெதியா வெளிக்கிடுங்கோ" என்று அவர் சொன்ன வரி கமெராவின் பதிவில் வெறும் இரைச்சலாக இருந்தது. பையிலிருந்த தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது.